முதல் தடவை பேக்கர் இறக்கப் போகிறவர்களுக்கு

கம்ப்ளீஷன் (தோண்டின கிணற்றை உற்பத்திக்குத் தயார் செய்வது), வொர்க்ஓவர் (ஓடுகிற கிணற்றைப் பழுதுபார்ப்பது) வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, எட்டாயிரம் அடி கீழே அந்தப் பேக்கர் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று மேலே நின்றுகொண்டு எப்படிச் சொல்கிறீர்கள்?" சரியான கேள்வி. ரிக் ஃப்ளோரில் நமக்குத் தெரிவது ஒரு பிரஷர் கேஜ், தொங்குகிற குழாயின் எடையைக் காட்டுகிற ஒரு வெயிட் இண்டிகேட்டர், பம்ப் பண்ணின தண்ணீரின் அளவு, அவ்வளவுதான். அந்த முட்கள் எங்கே போய் நிற்க வேண்டும் என்று முன்னாடியே கணக்குப் போட்டு வைத்திருப்பவனுக்கு அவை பேசும், கணக்குப் போடாமல் வந்து நிற்கிறவனுக்கு அவை வெறும் முட்கள். காரைக்காலை மையமாக வைத்து நடக்கிற காவிரிப் படுகை வேலையோ, வளைகுடாப் பாலைவனத்து வேலையோ, நீங்கள் எங்கே போனாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

பேக்கர் எதற்கு

கிணற்றில் இறக்கி சிமென்ட் போட்டு நிறுத்துகிற பெரிய குழாய் கேசிங். அதற்குள்ளே எண்ணெயும் வாயுவும் மேலே வருவதற்காக இறக்குகிற சின்னக் குழாய் டியூபிங். இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு வளைய இடைவெளி இருக்கிறது, அதைத்தான் அன்யுலஸ் என்கிறோம். எண்ணெய் அடுக்குக்குக் கொஞ்சம் மேலே அந்த இடைவெளியை ரப்பரால் அடைத்து, இரும்புப் பற்களால் கேசிங்கைக் கடித்துக்கொண்டு நிற்கிற கருவி பேக்கர். அது நின்றுவிட்டால் கிணற்றின் அழுத்தமும் அரிப்பும் டியூபிங்கோடு அடங்கிவிடும், கேசிங் தப்பித்துக்கொள்ளும். ஒரே கிணற்றில் இரண்டு மூன்று அடுக்குகள் இருந்து, ஒன்றில் தண்ணீர் வர ஆரம்பித்தால், அதைத் தனியாகப் பிரித்து மூடவும் இதுதான் வழி.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து அலிசோ கேனியனில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். 1953ல் தோண்டிய எண்ணெய்க் கிணறு ஒன்றை 1970களில் இயற்கை வாயு சேமிக்கிற கிணறாக மாற்றியிருந்தார்கள். டியூபிங் வழியாக மட்டுமில்லாமல் அன்யுலஸ் வழியாகவும் வாயு போய்வந்துகொண்டிருந்தது, ஆக வாயுவுக்கும் வெளியே இருக்கிற மண்ணுக்கும் நடுவில் நின்றது 7 அங்குல கேசிங் ஒன்று மட்டும்தான். அந்தக் கேசிங் வெளிப்பக்கம் அரித்து, 892 அடி ஆழத்தில் கிழிந்தது. 2015 அக்டோபர் 23ல் கண்டுபிடித்த கசிவை 2016 பிப்ரவரியில்தான் நிறுத்த முடிந்தது, அதற்குள் ஏறக்குறைய 1 லட்சம் டன் மீத்தேன் வெளியேறிவிட்டது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுப் போய்த் தங்க வேண்டியிருந்தது. அதன்பிறகு அந்த மாநிலத்தில் சேமிப்புக் கிணறுகளுக்கு விதியையே மாற்றினார்கள்: ஒரு தடுப்பு போனால் இன்னொன்று தாங்க வேண்டும், வாயு டியூபிங் வழியாக மட்டும்தான் போய்வர வேண்டும், அன்யுலஸைப் பேக்கர் அடைத்திருக்க வேண்டும். டெண்டர் ஷீட்டில் ஒரு வரியாக வருகிற இந்தக் கருவிக்கு இவ்வளவு பொறுப்பு இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது

கிடங்கில் ஒரு பேக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அரை மணி நேரத்தில் புரியும். நடுவில் ஓடுகிற குழாய் மேண்ட்ரல். அதன்மேல் ரப்பர் வளையங்கள், பெரும்பாலும் மூன்று, இவற்றை எலமென்ட் என்பார்கள். ஓரத்து இரண்டும் கெட்டியாக, நடுவில் இருப்பது மென்மையாக இருக்கும். கடினத்தன்மை ஓரத்தில் 90, நடுவில் 70 என்பது வழக்கமான சேர்க்கைகளில் ஒன்று. மென்மையான ரப்பர் கேசிங்கோடு ஒட்டி அடைக்கும், கெட்டியான இரண்டும் அது பிதுங்கி வெளியே ஓடாமல் அணை கட்டும். எலமென்ட்டுக்கு மேலேயும் கீழேயும் பல் வைத்த ஸ்லிப்புகள், ஸ்லிப்பை வெளியே தள்ளுவதற்குக் கூம்பு, ஒருமுறை இறுகினது திரும்பத் தளராமல் பிடிக்கிற லாக் ரிங், குறிப்பிட்ட விசை வந்தால் மட்டும் அறுந்து வேலையைத் தொடங்கி வைக்கிற ஷியர் ஸ்க்ரூ. எல்லாப் பேக்கரும் இந்த உறுப்புகளின் வெவ்வேறு அடுக்குதான்.

ஸ்லிப் எவ்வளவு தாங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 அங்குலம், அடிக்கு 29 பவுண்ட் கேசிங்கின் உள்விட்டம் 6.184 அங்குலம். உள்ளே 3½ அங்குல டியூபிங். இடையில் இருக்கிற வளையத்தின் பரப்பு 20.4 சதுர அங்குலம். கீழிருந்து மேலே 3,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்ட்) அழுத்த வித்தியாசம் இருந்தால் பேக்கரை மேலே தள்ளுகிற விசை 61,000 பவுண்டுக்குமேல், அதாவது ஏறக்குறைய 28 டன். அத்தனையையும் பிடித்து நிறுத்துவது அந்தச் சின்னப் பற்கள்தான். அதனால்தான் கேசிங் கிரேடை, அதாவது அதன் இரும்பின் வலிமைத் தரத்தை, கட்டாயம் கேட்கச் சொல்கிறேன். கியூ-125 மாதிரி கெட்டியான கேசிங்கில், அதற்கென்று கடினப்படுத்தாத பற்கள் கடிக்காமல் வழுக்கும்.

எந்த வகை

வகைகளைப் பற்றி நிறையச் சொல்லலாம், முதல் தடவைக்கு இவ்வளவு போதும். திரும்ப எடுக்கக்கூடியது ரிட்ரீவபிள், எடுக்க வேண்டுமானால் மில்லிங் செய்து அரைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது பெர்மனன்ட். அழுத்தமும் சூடும் அதிகமாக இருந்தால் பெர்மனன்ட் பக்கம் போவார்கள், இரண்டு வருஷத்தில் வொர்க்ஓவர் வரும் என்று தெரிந்தால் ரிட்ரீவபிள். இன்னொரு வகை ஸ்வெல் பேக்கர்: இதற்கு ஸ்லிப்பும் கிடையாது, ஷியர் ஸ்க்ரூவும் கிடையாது, ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி ரப்பரே எண்ணெயையோ தண்ணீரையோ உறிஞ்சி நாள்கணக்கில் உப்பி இடத்தை அடைத்துக்கொள்ளும். கேசிங் இல்லாத திறந்த துளையில் இது நன்றாக வேலை செய்யும், ஆனால் என்ன திரவத்தில் ஊறும் வகை என்று பார்க்காமல் அனுப்பினால் உப்பவே உப்பாது. பலூன் மாதிரி ஊதுகிற இன்ஃப்ளேட்டபிள் பேக்கர் குறுகலான இடத்தைத் தாண்டிப் போய்ப் பெரிய விட்டத்தில் அடைக்க உதவும், ஆனால் அழுத்தத்தை அவ்வளவாகத் தாங்காது.

உட்கார வைக்கிற முறையும் மூன்று. குழாயைத் திருப்பி, எடையை இறக்கி வைப்பது மெக்கானிகல். வயர்லைன் என்கிற கம்பி வடத்தில் கட்டி இறக்கி, மெதுவாக எரிகிற வெடிமருந்தின் வாயுவால் செட்டிங் டூலைத் தள்ளுவது வயர்லைன் முறை. டியூபிங்கின் அடியை, மேலிருந்து போடுகிற ஒரு பந்தாலோ முன்கூட்டியே வைத்த பிளக்காலோ மூடிவிட்டு, உள்ளே பம்ப் அழுத்தம் கொடுப்பது ஹைட்ராலிக். சாய்வான கிணற்றில் மேலே திருப்புவது கீழே போய்ச் சேராது, இறக்கின எடையும் பாதி வழியில் உராய்வில் போய்விடும், அதனால் அங்கே ஹைட்ராலிக்தான் வழக்கம். இனிமேல் நான் சொல்லப்போவதெல்லாம் ஹைட்ராலிக் ரிட்ரீவபிள் பேக்கரை வைத்து. புதியவர்கள் அடிக்கடி பார்க்கப்போவது அதைத்தான்.

முதல் படி: கிணற்றின் விவரம்

கம்பெனி மேனிடம், அதாவது கிணற்றுக்குச் சொந்தமான நிறுவனத்தின் ஆளிடம், கேட்டு உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டியவை: கேசிங்கின் அளவு, எடை, கிரேடு, பேக்கர் உட்கார வேண்டிய ஆழத்தில் வெப்பம், கிணற்றில் நிற்கிற திரவம், அதன் அடர்த்தி, ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டா, கார்பன் டை ஆக்சைடு உண்டா, பிற்பாடு ஆசிட் அடிப்பார்களா, ஃப்ராக் செய்வார்களா (அதிக அழுத்தத்தில் திரவம் அடித்துப் பாறையைப் பிளப்பது). கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை, அது எங்கே வந்து கடிக்கும் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

ரப்பரைத் தேர்ந்தெடுப்பது இந்த விவரத்தை வைத்துத்தான். நைட்ரைல் ரப்பர் ஏறக்குறைய 250 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நன்றாகத் தாங்கும், ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் கெட்டியாகி வெடித்துவிடும். நைட்ரைலின் மேம்பட்ட வகையான ஹெச்என்பிஆர் 300 வரை போகும். விட்டான் இன்னும் சூட்டைத் தாங்கும், ஆனால் அரிப்புத் தடுப்பு மருந்துகளில் இருக்கிற அமீன் என்கிற வேதிப்பொருள் அதைத் தின்றுவிடும். அஃப்லாஸ் சூடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, அமீன் மூன்றையும் தாங்கும், குளிர்ச்சியில் மட்டும் விறைத்துப்போகும். ஆக ரப்பரைக் கெடுப்பது எண்ணெய் மட்டுமில்லை, அன்யுலஸில் நாமே ஊற்றிவிட்டு வருகிற பேக்கர் ஃப்ளூயிடும்தான், அதில் என்ன மருந்து கலக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள்.

பேக்கரோடு வருகிற சான்றிதழில் வி-6 முதல் வி-0 வரை ஒரு மதிப்பு போட்டிருக்கும். இது ஐஎஸ்ஓ 14310, ஏபிஐ 11டி1 தரநிலைகளில் வருவது. எண் குறையக் குறையச் சோதனை கடுமையானது. வி-0 என்றால் வாயுவில் சோதித்து ஒரு குமிழிகூடக் கசியவில்லை என்று அர்த்தம். வாயுக் கிணற்றுக்குத் திரவத்தில் மட்டும் சோதித்த பேக்கர் வந்திருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

இரண்டாம் படி: அளவு

பேக்கர் வந்து இறங்கினதும் முதலில் பெட்டியில் ஒட்டியிருக்கிற தாளை மறந்துவிட்டு நீங்களே அளந்து பாருங்கள். காரைக்கால் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தபோது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, பேப்பர்ல இருக்கிற நம்பர் அவங்களுது, நீ டேப்ப புடிச்சு அளந்த நம்பர்தான் உன்னுது." வெளிவிட்டம், உள்விட்டம், நீளம், எலமென்ட்டின் நடு இடம் மேல் நுனியிலிருந்து எவ்வளவு தூரம், ஷியர் ஸ்க்ரூ எத்தனை போட்டிருக்கிறது, எல்லாவற்றையும். ஸ்க்ரூவை எண்ணுவதுதான் இதில் முக்கியம். ஒவ்வொரு ஸ்க்ரூவும் இவ்வளவு பிஎஸ்ஐ என்று இருக்கும், ஒன்று கூடினாலோ குறைந்தாலோ உங்கள் செட்டிங் பிரஷர் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும்.

7 அங்குலம், 29 பவுண்ட் கேசிங்கில் ட்ரிஃப்ட், அதாவது தடையில்லாமல் போகும் என்று உறுதிசெய்த விட்டம், 6.059 அங்குலம். பேக்கரின் அகலமான இடம் 5.95 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேசிங் சுவருக்கும் பேக்கருக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. எட்டாயிரம் அடி தூரம் அந்த 3 மில்லிமீட்டர் இடைவெளியில் ரப்பரை உரசாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதை மனசில் வைத்துக்கொண்டால் அடுத்த படியில் யாரும் அவசரப்பட மாட்டீர்கள்.

மூன்றாம் படி: கேசிங்கைச் சுத்தம் செய்வது

கேசிங்கின் உள்சுவரைச் சுரண்டுகிற கருவியை இறக்கும் ஸ்கிரேப்பர் ஓட்டம். சிமென்ட் படலம், துரு, பெர்ஃபரேஷன் (எண்ணெய் உள்ளே வரக் கேசிங்கில் போடுகிற துளை) போட்டபோது உள்பக்கம் நிமிர்ந்து நின்ற இரும்புப் பிசிறு, எல்லாவற்றையும் சுரண்டி, பிறகு திரவத்தைச் சுற்றவிட்டு, திரும்பி வருவது தெளியும் வரை கழுவ வேண்டும். பேக்கர் உட்காரப்போகிற இடத்துக்கு மேலேயும் கீழேயும் நூறு அடியாவது ஸ்கிரேப்பரை மூன்று நான்கு தடவை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். ரிக் வாடகை ஓடுகிறது, இதை விட்டுவிடலாமா என்று ஒரு பேச்சு எப்போதும் வரும்.

எனக்கும் ஒருமுறை வந்தது. பாலைவனத்தில் ஒரு வொர்க்ஓவர் கிணறு, நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். பக்கத்துக் கிணற்றில் ஸ்கிரேப்பர் சுத்தமாக வந்தது, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்தார்கள், நானும் வாயைத் திறக்கவில்லை. 6,400 அடியில் வெயிட் இண்டிகேட்டர் 8,000 பவுண்ட் குறைந்து நின்றது. ஏற்றி இறக்கிப் பார்த்தோம், தாண்டியது, மறுபடி நின்றது. கடைசியில் எல்லாவற்றையும் திரும்ப மேலே இழுத்தபோது கீழ் எலமென்ட்டில் கையகல ரப்பர் இல்லை, கூம்புக்குள் சிமென்ட் சில்லு. பேக்கர் போச்சு, இரண்டு நாள் போச்சு, அப்புறம் அந்த ஸ்கிரேப்பர் ஓட்டத்தையும் செய்யத்தான் செய்தோம். அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா தெரியாது, ஆனால் அதற்குப் பிறகு இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்ததில்லை. நீங்கள் ஜூனியராக இருந்தாலும் சொல்லுங்கள், சொன்னதைத் தினசரி ரிப்போர்ட்டில் எழுதவும் சொல்லுங்கள்.

நான்காம் படி: எங்கே உட்கார வைப்பது

மூன்று நிபந்தனை. பெர்ஃபரேஷனுக்கு மேலே போதிய தூரம் இருக்க வேண்டும். அந்த இடத்தில் கேசிங்குக்கு வெளியே நல்ல சிமென்ட் பிடித்திருக்க வேண்டும், அதற்கு, சிமென்ட் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டுகிற சிமென்ட் பாண்ட் லாக் பதிவைப் பாருங்கள், ஏனென்றால் வெளியே சிமென்ட் இல்லாத இடத்தில் உள்ளே அடைத்தால் பேக்கருக்குக் கீழே கேசிங்கில் ஓட்டை விழுந்தால் வாயு வெளிப்பக்கமாகச் சுற்றி மேலே போய்விடும். மூன்றாவது, எலமென்ட்டும் ஸ்லிப்பும் கேசிங் காலர்மேல், அதாவது இரண்டு கேசிங் குழாய் சேர்கிற இணைப்பின்மேல் வரவே கூடாது. அங்கே சுவருக்கு நடுவில் ஒரு இடைவெளி இருக்கும், பல் கடிக்காது, ரப்பரும் ஒழுங்காக அடைக்காது. ஒரு கேசிங் குழாய் சுமார் 40 அடி, ஆகவே டேலியில் பப் ஜாயின்ட் என்கிற பத்தடிக் குட்டைக் குழாய் ஒன்று விட்டுப்போனால்கூடக் காலரில் போய் உட்கார வாய்ப்பு உண்டு.

டேலி என்றால் இறக்குகிற ஒவ்வொரு குழாயின் நீளத்தையும் வரிசையாக எழுதிக் கூட்டுவது. இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, தனித்தனியாகக் கூட்டி, கடைசியில் ஒப்பிட வேண்டும். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதினால் ஒரே தப்பை இரண்டு பேரும் செய்வீர்கள். பைப் ராக்கில் மிச்சமிருக்கிற குழாய்களையும் எண்ணுங்கள். வந்த எண்ணிக்கை, இறங்கின எண்ணிக்கை, மிச்சம், மூன்றும் ஒத்துவராமல் பேக்கரைத் தொடவே கூடாது. முக்கியமான கிணறுகளில் டியூபிங்குக்குள் வயர்லைனில், பாறையின் இயற்கைக் கதிர்வீச்சை அளக்கிற காமா ரே கருவியை இறக்கி ஆழத்தை உறுதி செய்துகொள்வார்கள், அந்த வசதி இருந்தால் விடாதீர்கள்.

ஐந்தாம் படி: இறக்குவது

பேக்கர் உடம்பில் டாங்ஸ் (குழாயை முறுக்குகிற இடுக்கி) போடாதீர்கள், மேலும் கீழும் இருக்கிற பப் ஜாயின்ட்டில்தான் பிடிக்க வேண்டும். ரப்பரைச் சுற்றி ஸ்லிங் கட்டித் தூக்காதீர்கள். வெயிலில் நாள்கணக்கில் திறந்து போட்டு வைக்காதீர்கள். த்ரெட்டில் தடவுகிற டோப்பை ஆண் மரையில் மட்டும் மெல்லிசாகப் பூசச் சொல்லுங்கள். பெண் மரையில் வாரி அப்பினால் அது உள்ளே பிதுங்கிக் கீழே விழுந்து, பிற்பாடு பந்து உட்கார வேண்டிய சீட்டில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வேகம் ஒரு குழாய்க்கு ஒரு நிமிஷமாவது. ரிக் ஃப்ளோரில் குழாயைப் பிடித்து நிறுத்துகிற ஸ்லிப்ஸில் உட்கார வைக்கும்போது டக்கென்று நிறுத்தக் கூடாது. இதை டிரில்லரிடம் வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள், நடுராத்திரியில் ஷிஃப்ட் மாறினால் புது டிரில்லரிடமும் போய்ப் பேசுங்கள். ஐந்து குழாய்க்கு ஒருமுறை மேலே இழுக்கும் எடை, கீழே விடும் எடை இரண்டையும் எழுதிக்கொண்டே வாருங்கள். முதல் ஆயிரம் அடியில் அலுப்பாக இருக்கும். ஆனால் ஆழத்தில் எடை கொஞ்சம் மாறினால் அது உராய்வா தடையா என்று சொல்ல உங்களிடம் இருக்கப்போவது அந்த நோட்டு ஒன்றுதான்.

அடியில் பிளக்கை முன்கூட்டியே போட்டு இறக்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் பேக்கர் மேலே இருக்கிற கேஜைப் பார்த்து வேலை செய்வதில்லை, டியூபிங் உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் வேலை செய்கிறது. 8.6 பிபிஜி (ஒரு கேலனுக்கு 8.6 பவுண்ட்) உப்புநீர் டியூபிங்கில் நிறைந்திருக்கிறது, அன்யுலஸிலோ கீழே அடுக்கு திரவத்தைக் குடித்து மட்டம் 1,500 அடி இறங்கிவிட்டது என்று வையுங்கள். 0.052 × 8.6 × 1,500, ஏறக்குறைய 670 பிஎஸ்ஐ வித்தியாசம் யாரும் பம்பைத் தொடாமலே வந்துவிடும். ஷியர் ஸ்க்ரூ குறைவாகப் போட்ட பேக்கர் நடுவழியிலேயே உட்கார்ந்துவிட இது போதும். அன்யுலஸ் மட்டத்தைக் கண்காணித்துக்கொண்டே போங்கள்.

ஆறாம் படி: உட்கார வைப்பது

இந்த வேலைக்கு முன்னால் ஒரு தாளில் இரண்டு எண்கள் எழுதி டிரில்லர் கேபினில் ஒட்டிவிடுவது என் வழக்கம். முதலாவது, எந்தெந்த அழுத்தத்தில் என்ன நடக்க வேண்டும் என்று அந்தக் கருவியின் ஷீட்டில் இருப்பது. இரண்டாவது, அந்த அழுத்தத்துக்கு எவ்வளவு திரவம் பம்ப் பண்ண வேண்டும் என்று நான் போட்ட கணக்கு. 3½ அங்குல டியூபிங்கின் உள்விட்டம் 2.992 அங்குலம், 8,000 அடிக்குக் கொள்ளளவு ஏறக்குறைய 70 பேரல். தண்ணீர் ஒரு பிஎஸ்ஐக்குப் பத்து லட்சத்தில் மூன்று பங்கு சுருங்கும், ஆகவே 3,000 பிஎஸ்ஐ ஏற்ற 0.6 பேரல், சுமார் 100 லிட்டர். குழாய் கொஞ்சம் உப்பும், அதனால் சற்றுக் கூடலாம். 20 லிட்டரிலேயே கேஜ் 3,000 காட்டினால் ஏதோ வால்வு மூடியிருக்கிறது, உங்கள் அழுத்தம் கீழே போகவே இல்லை. 300 லிட்டர் போயும் ஏறவில்லை என்றால் பந்து சீட்டில் உட்காரவில்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. பேக்கரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கூட இந்த ஒரு கணக்கை வைத்துப் பாதி பிரச்சினையைப் பிடித்துவிடலாம்.

பந்தைப் போட்டு, அது தானாக விழுந்து போய்ச் சேர நேரம் கொடுங்கள். சாய்வான கிணற்றில் மெதுவாகப் பம்ப் பண்ணித் தள்ள வேண்டியிருக்கும். பிறகு 500 பிஎஸ்ஐ கொடுத்து நிறுத்தி, ஐந்து நிமிஷம் நிற்கிறதா பாருங்கள். அங்கிருந்து 500 500 ஆக ஏற்றுங்கள். ஸ்க்ரூ அறும் இடத்தில் கேஜ் முள் லேசாக விழுந்து ஏறும், சில சமயம் ஃப்ளோரில் கால் வழியாகவே ஒரு அதிர்வு தெரியும், சில சமயம் ஒன்றுமே தெரியாது, அதற்காகப் பதறாதீர்கள். ஷீட்டில் சொன்ன கடைசி அழுத்தம் வரை போய், சொன்ன நிமிஷம் வரை பிடித்து வையுங்கள். ரப்பர் மெதுவாகத்தான் அமுங்கும். இங்கே ஐந்து நிமிஷத்தை மிச்சப்படுத்தினால் எலமென்ட் பாதி அமுங்கி நிற்கும், இன்றைக்குச் சோதனையில் தேறி ஆறு மாசம் கழித்து ஒழுகும். அழுத்தம் இருக்கிற நேரம் முழுக்கப் பம்ப் லைன் பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது.

ஏழாம் படி: சோதனை

அழுத்தத்தை இறக்கிவிட்டு, திட்டத்தில் சொன்ன அளவு மேலே இழுத்து, பிறகு கீழே எடை வைத்துப் பாருங்கள். மேலே இழுத்தால் அறுந்து பேக்கரை விடுவிக்கிற ரிலீஸ் ஸ்க்ரூவின் மதிப்பில் பாதியைக்கூட இழுவை எட்டாதபடி கவனமாக. அப்புறம் அன்யுலஸ் சோதனை. மேலே சொன்ன கேசிங், டியூபிங் கணக்கில் அன்யுலஸ் 202 பேரல், 1,500 பிஎஸ்ஐ ஏற்ற 0.9 பேரல் பிடிக்கும். ஏற்றி, 15 முதல் 30 நிமிஷம் சார்ட் ரெக்கார்டரில் பதிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் டியூபிங் பக்கத்தைத் திறந்து வைத்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அங்கே திரவம் வழிந்தால் பேக்கரோ டியூபிங் இணைப்போ ஒழுகுகிறது. முதல் சில நிமிஷம் அழுத்தம் கொஞ்சம் இறங்கிப் பிறகு நேர்க்கோடாக நின்றால் அது வெப்பமும் காற்றும் செய்கிற வேலை. ஒரே சாய்வில் இறங்கிக்கொண்டே போனால் கசிவு. இந்த இரண்டு கோடுகளையும் பழைய சார்ட்டுகளை எடுத்து வைத்துப் பார்த்துப் பழகுங்கள்.

இனி முதலில் விட்ட கேள்விக்கு வருகிறேன், பிற்பாடு ஆசிட்டோ ஃப்ராக்கோ உண்டா என்று கேட்கச் சொன்னேனே. சூடான எண்ணெய் ஓடினால் டியூபிங் நீளும், மேலிருந்து குளிர்ந்த திரவம் அடித்தால் சுருங்கும். 8,000 அடிக் குழாய் சராசரியாக 60 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர்ந்தால் 3.3 அடி சுருங்கப் பார்க்கும். பேக்கரோடு இறுகக் கட்டியிருந்தால் சுருங்க முடியாது, அதற்குப் பதிலாக 32,000 பவுண்ட் இழுவை பேக்கர்மேல் வரும். 100 டிகிரி குளிர்ந்தால் 53,000 தாண்டும். நேராக இழுத்தால் 50,000 பவுண்டில் விடுபடுகிற ரிட்ரீவபிள் பேக்கரைப் போட்டிருந்தால், ஃப்ராக் நடுவில் அதுவே தானாக விடுபட்டு எழுந்து வந்துவிடும். அழுத்தத்தால் குழாய் உப்புவது, வளைந்து சுருள்வது, நுனியில் தள்ளுவது என்று இன்னும் மூன்று விளைவுகள் இதோடு சேரும். 1962ல் ஆர்தர் லுபின்ஸ்கியும் கூட இருந்தவர்களும் இதற்கான கணக்கைப் போட்டுக் காட்டினார்கள், இன்றைய மென்பொருள்கள் அந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன. மென்பொருள் இல்லாவிட்டாலும் ஒரு டிகிரிக்கு, ஒரு சதுர அங்குல இரும்புக்கு 207 பவுண்ட் என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், 3½ அங்குலம், 9.2 பவுண்ட் டியூபிங்கின் இரும்புப் பரப்பு 2.59 சதுர அங்குலம், பெருக்கினால் வந்துவிடும்.

எட்டாம் படி: திரும்ப எடுக்கும்போது

இதில்தான் ஆபத்து அதிகம், ஆனால் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பேக்கருக்கு அடியில் வருஷக்கணக்கில் வாயு தேங்கியிருக்கும். விடுவித்த உடனே அது அன்யுலஸில் ஏறத் தொடங்கும், மேலே வர வர விரியும். அதனால் விடுவிப்பதற்கு முன் கிணற்றைத் திரவத்தால் அடக்கி, மேலும் கீழும் அழுத்தத்தைச் சமன் செய்து, கிணற்று வாயை அவசரத்தில் மூடுகிற பிஓபி வால்வு தயாராக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் இழுக்க வேண்டும். ரிலீஸ் ஸ்க்ரூ அறுந்ததும் எடை சட்டென்று மாறும். உடனே இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அமுங்கிக் கிடந்த ரப்பர் பழைய உருவத்துக்குத் திரும்ப நேரம் வேண்டும், அரை மணி நேரமாவது விடுங்கள், அந்த நேரத்தில் கீழே இருந்து ஒரு முழுச் சுற்று திரவத்தைச் சுற்றவிட்டு வாயுவை வெளியேற்றுங்கள். பிறகும் மெதுவாகத்தான் இழுக்க வேண்டும். உப்பின ரப்பரோடு வேகமாக இழுத்தால் அது பம்ப் பிஸ்டன் மாதிரி அடுக்கிலிருந்து வாயுவை உறிஞ்சி இழுத்துக்கொண்டு வரும். இழுத்த குழாய்க்கு ஈடாகக் கிணறு எவ்வளவு திரவம் வாங்கிக்கொள்கிறது என்று, அதற்கென்றே வைத்திருக்கிற டிரிப் டாங்க் தொட்டியில் அளந்துகொண்டே வாருங்கள், குறைவாக வாங்கினால் நிறுத்துங்கள்.

பேக்கர் ஃப்ளோருக்கு வந்ததும் கழுவுவதற்கு முன் போட்டோ எடுங்கள். ஸ்லிப் பற்கள் ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருந்தால் அது நடுவில் நிற்காமல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கண்ணாடி மாதிரி கெட்டியாகி வெடித்திருந்தால் வெப்பமோ ஹைட்ரஜன் சல்ஃபைடோ. கொப்புளம் கொப்புளமாக இருந்தால் ரப்பருக்குள் ஊறின வாயு, அழுத்தம் சட்டென்று இறங்கினபோது உள்ளிருந்து வெடித்து வெளியே வந்திருக்கிறது. ஓரம் மெல்லிய நாக்கு மாதிரி நீண்டிருந்தால் பிதுங்கல், இடைவெளி அதிகம் அல்லது ரப்பர் மென்மையானது. பார்த்ததை ஆழம், தேதி, உள்ளே இருந்த வருஷம் எல்லாம் போட்டு அந்தக் கிணற்றின் ஃபைலில் எழுதிவிடுங்கள், அடுத்த பேக்கருக்கு ரப்பர் தேர்ந்தெடுக்கப்போகிறவர் முதலில் தேடப்போவது அந்தத் தாளைத்தான்.